டாக்டருக்கு ஒரு கடிதம்

1925ஆம் வருஷம் ஜனவரி மாதம். அலாஸ்காவின் மேற்குக் கரையில் நோம் என்ற சிறு பட்டணம். கடல் உறைந்து கிடந்தது. கப்பல் வர வழியில்லை. வெளியூருக்குச் சாலையும் கிடையாது. ஊர் முழுவதற்கும் ஒரே டாக்டர், கர்ட்டிஸ் வெல்ச். குழந்தைகள் ஒவ்வொன்றாகத் தொண்டை அடைத்துப் படுத்தன. டிப்தீரியா! கையிருப்பில் இருந்த மருந்தோ பழையது. டாக்டர் வெல்ச் தந்தி கொடுத்தார்.

பிறகு நடந்தது உலகப் பிரசித்தம். ஆங்கரேஜிலிருந்து ரயிலில் வந்த மருந்துப் பெட்டியை, நெனானா என்ற இடத்தில் இறக்கி, நாய்கள் இழுக்கும் பனி வண்டிகளில் ஏற்றினார்கள். 20 ஓட்டிகள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி ஓட்டினார்கள். 674 மைல். ஐந்தரை நாள். பிப்ரவரி 2ஆம் தேதி மருந்து நோம் வந்து சேர்ந்தது. கடைசி வண்டியை இழுத்து வந்த பால்ட்டோ என்ற நாய்க்கு அதே வருஷம் நியூயார்க் நகரத்துப் பூங்காவில் சிலை வைத்தார்கள்.

நாய் ஓடியது எல்லோருக்கும் தெரியும். நாய்க்கு முன்னால் ஓடியது ஒரு தந்தி என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். நோயாளி ஓர் ஊரில், உதவி வேறோர் ஊரில். நடுவில் ஒரு கடுதாசி! வைத்தியத்தில் இதற்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை அதே நோம் பட்டணம் முக்கால் நூற்றாண்டு கழித்து மறுபடியும் காட்டியது. இந்தத் தடவை நாய்களுக்கு வேலை இல்லை.

காதுக்குள் ஒரு காமிரா

ஆங்கரேஜிலிருந்து நோமுக்கு இன்றும் சாலை இல்லை; விமானம்தான். நோமைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கோ சின்னஞ்சிறு விமானங்கள். பனிப்புயல் அடித்தால் அவையும் பறக்கமாட்டா. டிப்தீரியா ஒழிந்துவிட்டது. ஆனால் அலாஸ்காவின் பூர்வகுடிக் குழந்தைகளை விடாமல் வாட்டியது காது நோய்.

சளி பிடிக்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்கிறது. சீழ் வைக்கிறது. பறையில் ஓட்டை விழுகிறது. "உயிருக்கு ஆபத்தா?" என்று கேட்டால், "இல்லை" என்பதுதான் பெரும்பாலும் பதில். அதனாலேயே அவசரம் தெரிவதில்லை. ஆனால் பேச்சுக் கற்றுக்கொள்ளும் வயதில் காது மந்தமானால் பேச்சும் மந்தமாகிறது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்வது பாதிதான் விழுகிறது. பிள்ளை மக்கு என்று பெயர் வாங்குகிறது. பிள்ளையிடம் குறை இல்லை. மூன்று மாதத்துக்கு முன்பே யாராவது காதைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பார்ப்பதற்குக் காது மூக்கு தொண்டை நிபுணர் வேண்டும். அவர் இருப்பது ஆங்கரேஜில். எப்போதாவது நோமுக்கு வந்து போவார். அதுவரை காத்திருக்க வேண்டும், அல்லது தாயும் பிள்ளையும் விமானம் ஏற வேண்டும். செவிப்பறையில் மிகச் சிறிய குழாய் ஒன்றை வைத்து நீரை வடிய விடுவது வழக்கமான ரண சிகிச்சை. அது முடிந்த பிறகும் குழாய் சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். பார்ப்பதற்குப் பிடிப்பது இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்துக்காக இரண்டு விமானப் பிரயாணம், வெளியூரில் தங்கல், தாய்க்கு வேலை நஷ்டம்.

2000ஆம் ஆண்டை ஒட்டி அலாஸ்காவின் கிராம வைத்திய நிலையங்களுக்குத் தள்ளுவண்டிகள் வந்தன. நம் ஊர் ஐஸ்க்ரீம் வண்டி போல என்று நினைத்துவிட வேண்டாம். அதில் ஒரு கம்ப்யூட்டர், தோலைப் படம் பிடிக்க ஒரு காமிரா, காதுக்குள் விட்டுச் செவிப்பறையைப் படம் பிடிக்க மெல்லிய குழல் காமிரா, இருதயத் துடிப்பைப் பதியும் கருவி எல்லாம் அடக்கம். கிராமத்தில் இருக்கும் சுகாதார உதவியாளர் குழந்தையின் காதைப் படம் எடுப்பார். என்றைக்கு ஆரம்பித்தது, காய்ச்சல் உண்டா, முன்பு என்ன மருந்து கொடுத்தது என்று எழுதுவார். எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி அனுப்பிவிடுவார். ஆங்கரேஜ் டாக்டர் ரண சிகிச்சைக்கு நடுவிலோ, சாயங்காலமோ, ஒழிந்த வேளையில் திறந்து பார்ப்பார். பதில் எழுதுவார்.

இவ்வளவுதான் விஷயம். இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேச வேண்டிய அவசியமே இல்லை.

பலன் என்ன? நோமில் 16 வருஷத்துக் கணக்கை எடுத்துப் பார்த்து 2010ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இந்த ஏற்பாடு வருவதற்கு முன், நிபுணரிடம் அனுப்பப்பட்ட புதிய நோயாளிகளில் 100க்கு 47 பேர் ஐந்து மாதமோ அதற்கு மேலுமோ காத்திருந்தார்கள். ஏற்பாடு வந்த முதல் மூன்று வருஷத்தில் அது 100க்கு 8 ஆயிற்று. அடுத்த மூன்று வருஷத்தில் 3க்கும் கீழே போயிற்று. படத்தைப் பார்த்துச் சொல்வது நேரில் பார்த்துச் சொல்வதற்கு ஒப்பாகுமா என்ற சந்தேகத்தையும் அலாஸ்கா டாக்டர்கள் விட்டுவைக்கவில்லை. சோதித்தார்கள். நல்ல படமாக இருந்தால் செவிப்பறை விஷயத்தில் ஒப்பாகும் என்றே முடிவு வந்தது.

தாமதமும் ஒரு சௌகரியம்

'உடனுக்குடன்' என்ற வார்த்தைக்கு இந்தக் காலத்தில் ஒரு மயக்கம் உண்டு. உடனே பேசுவதுதான் உசத்தி, தாமதித்துப் பதில் வருவது மட்டம் என்று நினைக்கிறார்கள். காதைப் பார்க்கும் வேலையில் இது தலைகீழ்.

டாக்டரும் நோயாளியும் வீடியோவில் சந்திக்க வேண்டுமானால், டாக்டருக்கு ஒழியும் நேரம், நோயாளிக்கு ஒழியும் நேரம், உதவியாளருக்கு ஒழியும் நேரம், இணைப்பு நன்றாக இருக்கும் நேரம் நான்கும் ஒன்றாக அமைய வேண்டும். கல்யாண முகூர்த்தம் பார்ப்பதுகூட இதைவிட எளிது! குழந்தை அந்த வேளை பார்த்துத்தான் வீறிட்டு அழும். தலையை ஆட்டும். ஒரு நொடி தெரிந்த செவிப்பறை மறு நொடி மறைந்துவிடும்.

கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. அழுகை ஓயட்டும் என்று காத்திருக்கலாம். படம் மங்கலாக இருந்தால் அழித்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம். டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், ஆறு மாதத்துக்கு முந்திய படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம், பக்கத்து அறை டாக்டரை அழைத்து, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்கலாம், புத்தகத்தைப் புரட்டலாம். நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது புத்தகத்தைப் புரட்டும் டாக்டரை எந்த ஊரிலும் யாரும் நம்புவதில்லை என்பது வேறு விஷயம்.

கடிதம் எழுதுவது யார்?

வண்டியின் பெருமையைப் பேசுவோர் வண்டியைத் தள்ளுபவரை மறந்துவிடுகிறார்கள். அலாஸ்காவின் அதிசயம் காமிராவில் இல்லை.

1950களில் அங்கே காசநோய் தலைவிரித்தாடியது. எல்லா நோயாளிகளையும் ஆஸ்பத்திரியில் சேர்க்க இடமில்லை. கிராமத்திலேயே ஒருவரைப் பிடித்து, வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அப்படி முளைத்ததுதான் சுகாதார உதவியாளர் திட்டம். 1968இல் அமெரிக்க சர்க்கார் அதற்குப் பணம் ஒதுக்கியது. உதவியாளர் அந்தக் கிராமத்தின் ஆளாகவே இருப்பார். டாக்டர் பட்டமோ நர்ஸ் பட்டமோ கிடையாது. மூன்று நான்கு வாரப் பயிற்சிகள் நான்கு தடவை. கையில் தடித்த கைப்புத்தகம் ஒன்று. இன்ன வலி என்றால் இன்ன இன்ன கேள்வி கேள், இன்னின்ன இடத்தைத் தொட்டுப் பார், இப்படி இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடு என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும்.

அந்தக் காலத்தில் அவர்கள் டாக்டருடன் ரேடியோவில் பேசினார்கள். ஒரே அலைவரிசை, ஒருத்தியின் வயிற்றுவலியைப் பல கிராமங்கள் கேட்டுக்கொண்டிருக்கும். வானம் சரியில்லை என்றால் ரேடியோவும் ஊமையாகிவிடும். அப்படியும் அந்தத் திட்டம் நடந்தது. தள்ளுவண்டி வந்தபோது அதைத் தள்ளத் தெரிந்த கை முப்பது வருஷமாகத் தயாராக இருந்தது.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். வந்தவர் ஒரு மணி நேரம் கதை சொல்வார். அதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்து, அதிகாரிக்குத் தேவையானதை அரைப்பக்கத்தில் எழுதுவதுதான் மனு எழுதுபவரின் வித்தை. அவர் இல்லாவிட்டால் மனு இல்லை. சுகாதார உதவியாளர் செய்வதும் அதுதான். கூடவே பதில் வந்த பிறகு மருந்தைக் கொடுப்பதும், குழந்தை மருந்தைத் துப்பிவிட்டதா என்று மறுநாள் போய்ப் பார்ப்பதும் அவர் பொறுப்பு.

தெரிந்த டாக்டர்

உண்மையில் கடித வைத்தியம் பணக்காரர்களின் பழைய பழக்கம். 18ஆம் நூற்றாண்டில் எடின்பரோவில் வில்லியம் கல்லன் என்ற பேராசிரியர் இருந்தார். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும்கூட அவருக்குக் கடிதம் வரும். உள்ளூர் டாக்டர் நோயை விவரித்து எழுதுவார்; சில சமயம் நோயாளியே எழுதுவார். கல்லன் பதிலும் பத்தியமும் எழுதி அனுப்புவார். எழுதிய பதிலுக்கு நகல் வைத்துக்கொள்ள, நீராவி இயந்திரம் புகழ் ஜேம்ஸ் வாட் கண்டுபிடித்த நகல் பொறியை வாங்கி வைத்திருந்தார். ஆயிரக்கணக்கான கடிதங்கள் இன்றும் அந்த நகரத்து வைத்தியக் கல்லூரியில் பத்திரமாக இருக்கின்றன.

இன்று நம் ஊரில் நடப்பது என்ன? மச்சினர் பிள்ளை மதுரையில் டாக்டர். அத்தைக்குக் காலில் சொறி என்றால் போனில் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். ரத்தப் பரிசோதனைத் தாளை அனுப்புகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் பதில் வருகிறது: "பயமில்லை, இந்தக் களிம்பைத் தடவுங்கள். ஒரு வாரத்தில் போகாவிட்டால் சொல்லுங்கள்." பிரயாணம் இல்லை, க்யூ இல்லை, செலவும் இல்லை. ஆக, 'தெரிந்த டாக்டர்' இருக்கும் குடும்பங்களுக்குத் தொலைதூர வைத்தியம் ஏற்கெனவே வந்துவிட்டது. அதற்கு எந்த மந்திரியும் ரிப்பன் வெட்டவில்லை.

தெரிந்த டாக்டர் இல்லாதவர் அதே சொறிக்குக் காலை முதல் பஸ்ஸைப் பிடிக்கிறார். அன்றைக் கூலி போகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, தோல் டாக்டரின் அறை வாசலில் நிற்கிறார். முறை வரும்போது, "ரத்தம் பரிசோதித்துக்கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். இன்னொரு நாள், இன்னொரு கூலி. அந்தப் பரிசோதனையை முதலிலேயே சொல்லியிருக்கலாமே?

சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் பொது ஆஸ்பத்திரி இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டது. ஏழைகள் போகும் ஆஸ்பத்திரி அது. 2005இல் முதலில் குடல் நோய்ப் பிரிவில் ஆரம்பித்தார்கள். சாதாரண டாக்டர் தம் நோயாளியைப் பற்றி எழுதி அனுப்புவார். நிபுணர் அதைப் படித்துவிட்டு, நேரே வரச் சொல்வதா, முதலில் என்ன பரிசோதனை செய்வது, வரவே தேவையில்லையா என்று பதில் எழுதுவார். அங்கே பனியும் இல்லை, பாலைவனமும் இல்லை. நோயாளிக்கும் நிபுணருக்கும் நடுவில் இருந்தது க்யூ மட்டும்தான்.

கனவானின் காமிரா

பெரிய முதல் வேண்டுமே என்று பயப்பட வேண்டியதும் இல்லை. 1998இல் இங்கிலாந்தில் ஸ்வின்பென் பிரபுவும் அவர் மனைவியும் ஒரு தரும ஸ்தாபனம் தொடங்கினார்கள். மறு வருஷம் வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகிலுள்ள பக்கவாத நோயாளிகளின் புனர்வாழ்வு நிலையத்துக்கு ஒரு டிஜிட்டல் காமிராவும் அதைத் தாங்க முக்காலியும் கொடுத்தார்கள். அங்குள்ள டாக்டர் படமும் விவரமும் மின்னஞ்சலில் அனுப்புவார். வெளிநாட்டு நிபுணர்கள் காசு வாங்காமல் பதில் எழுதுவார்கள்.

முதல் வருஷத்தில் மொத்தம் 27 நோயாளிகள். 100க்கு 70 பங்கு பதில்கள் ஒரே நாளில் வந்தன. மூன்று நாளுக்குள் எல்லாமே வந்துவிட்டன. நான்கு குடும்பங்கள், இரண்டாம் அபிப்பிராயத்துக்காக வெளிநாடு போக இருந்த பிரயாணத்தைக் கைவிட்டன. அந்த நான்கு பிரயாணச் செலவு மிச்சமே, வங்கதேசத்தில் இந்த ஏற்பாட்டுக்கு ஆன முழுச் செலவையும்விட அதிகம்! பெரிய திரை, சாட்டிலைட் என்று கோடிகளில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் படித்துப் பார்க்கலாம்.

எதற்கு ஆகாது?

நெஞ்சு வலிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. பாம்புக் கடிக்கும் ஆகாது. வயிற்றை அழுத்திப் பார்த்தால்தான் தெரியும் என்ற நோய்க்குப் படம் எதற்கு? மனம் உடைந்து வருகிறவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்பதே பாதி மருந்து. தோல், காது, கண்ணின் உட்படலம், எக்ஸ்ரே, இருதயப் பதிவு, ஆறாத புண் ஆகியவற்றுக்குத்தான் இது உகந்தது. இந்த எல்லையை மறந்து, எந்தக் கேள்வித்தாளை நிரப்பினாலும் மாத்திரையை வீட்டுக்கு அனுப்பும் கடைகள் இப்போது கிளம்பியிருக்கின்றன. அது வைத்தியமல்ல, வியாபாரம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, பதில் வராத கடிதம். அனுப்பியவர் அனுப்பியாயிற்று என்று இருப்பார். பார்க்க வேண்டியவர் லீவில் இருப்பார். நோய் யாருக்காகவும் காத்திராது. வாட்ஸப்பில் கேட்கும் சொந்தக்கார டாக்டரிடம் இதே ஆபத்துத்தான்: அவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுவார், அதற்குக் குறிப்பும் இல்லை, பொறுப்பும் இல்லை.

நம் நாட்டில்

ஆந்திராவில் அரகொண்டா கிராமத்தில் 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் தொலைதூர வைத்தியத்தைத் தொடங்கி வைத்தார். அதிலிருந்து நம்மவர்களுக்கு முகம் பார்த்துப் பேசுவதில்தான் மோகம். 2019இல் வந்த மத்திய சர்க்காரின் இ-சஞ்சீவனியிலும் பெரும்பகுதி வீடியோதான். கொரோனா காலத்தில் அது பெரிய உபகாரம் செய்தது. 2020இல் அதை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. குறை சொல்வதற்கில்லை.

2020 மார்ச் 25ஆம் தேதி வெளியான தொலைதூர வைத்திய விதிகள் இன்னொரு வாசலையும் திறந்துவிட்டன. படத்தையும் குறிப்பையும் அனுப்பிப் பின்னர் பதில் பெறுவதும் முறையான வைத்தியமே என்று அவை ஒப்புக்கொண்டன. நோயாளிதான் கேட்க வேண்டும் என்பதில்லை. சுகாதாரப் பணியாளர் டாக்டரைக் கேட்கலாம், ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரைக் கேட்கலாம். டாக்டர் குறிப்பு வைத்துக்கொள்ள வேண்டும். நேரில் பார்ப்பதே சரி என்று தோன்றினால் அப்படிச் சொல்லிவிட வேண்டும். போதை தரும் மருந்துகளை எழுதக் கூடாது. விதி நல்ல விதி.

வாசல் திறந்த பிறகும் உள்ளே நடமாட்டம் குறைவாக இருப்பானேன்? கடிதம் எழுதத் தெரிந்த கை தமிழ்நாட்டில் உண்டு. துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டுக்கே போகிறார்கள். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் ஆறாத புண்ணை முதலில் பார்க்கும் கண் அவர்களுடையது. அந்தப் பாதத்தைப் படம் எடுத்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், விரலை எடுக்க வேண்டிய நாள் வருவதற்கு முன்பே ஒரு ரண சிகிச்சை நிபுணர் பார்த்துவிடலாம். போன் இருக்கிறது, காமிரா இருக்கிறது, பாதமும் இருக்கிறது.

இல்லாதது மறுமுனையில். மாவட்ட ஆஸ்பத்திரி நிபுணருக்கு வாசலில் நிற்கும் கூட்டமே தலைக்கு மேல் வெள்ளம். கடிதம் படிப்பது அவருக்கு வேலையாகக் கணக்காவதில்லை, தருமமாகத்தான் கணக்காகிறது. அமெரிக்காவிலும் இந்தச் சங்கடம் இருந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம், முதியோர் இன்ஷூரன்சில் முகம் பார்த்துப் பேசிய டாக்டருக்குப் பணம் தந்தது. படம் பார்த்துப் பதில் எழுதியவருக்கு அலாஸ்கா, ஹவாய் மாநிலங்களின் சோதனைத் திட்டங்களில் மட்டும் விலக்களித்தது. அலாஸ்காவில் இந்த முறை வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றால் தப்பில்லை.

ஆகவே புதுக் கருவி வாங்க டெண்டர் விடுவதற்கு முன்னால் சர்க்கார் செய்ய வேண்டியது சின்னக் காரியம். ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் தோல், காது, ரண சிகிச்சை நிபுணர்களின் டியூட்டி அட்டவணையில் தினம் ஒரு மணி நேரத்தைக் கடிதத்துக்கென்று எழுத வேண்டும். அந்த ஒரு மணி நேரம் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்த நேரத்துக்குச் சமமாக மதிக்கப்பட வேண்டும். இத்தனை நாளுக்குள் பதில் என்று ஒரு கெடுவும், கெடு தாண்டினால் கடிதம் தானாக அடுத்த டாக்டரிடம் போகும் ஏற்பாடும் வேண்டும். அனுப்பிய செவிலியரின் பெயரும், பதில் சொன்ன டாக்டரின் பெயரும் நோயாளியின் சீட்டில் எழுதப்பட வேண்டும். அவர் நாளை வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், யார் பார்த்தது, என்ன சொன்னது என்று அந்தச் சீட்டைக் காட்டிக் கேட்கலாம் அல்லவா?